ஆறு மரத்துக் கோப்பி

சப்ராஸ்: ...இல்ல அண்ணே, இது அது இல்ல. போன மாசம் லொறியில அனுப்பினீங்களே, அதுல ஒரு மூட்ட வேற மாதிரி. கொழும்புல ருசி பாக்குறவர் கோப்பைய கீழ வைக்கல்ல.

செல்லசாமி: எல்லாம் எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால மரத்துல காய்ச்சதுதான் சப்ராஸ் நானா.

சப்ராஸ்: அதத்தான் மத்த மூட்டையில குடிச்சிட்டோமே! ஹட்டன்ல இருந்து பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கி எதுக்கு வந்தேன்? அந்த மரத்தக் காட்டுங்க, படம் புடிக்கணும். எடத்தோட பேரு பைக்கட்டுல இரிக்கணும். இல்லாட்டி உங்க கோப்பியே வேணாமாம்.

செல்லசாமி: வேணாமாமா?

சப்ராஸ்: தேயிலத் தோட்டத்துப் பெரட்டுச் சம்பளத்துல அடுப்பு எரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க...

சர்மிளா: அந்தச் சாக்குல கைய வைக்காதீங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?

செல்லசாமி: மழ வந்துருச்சுடி. கைக்குக் கெடச்சத அள்ளிக் கட்டிட்டேன்.

சப்ராஸ்: அப்ப ரெண்டு எடம் இரிக்கி!

செல்லசாமி: இல்ல நானா...

சர்மிளா: இருக்கு. அது விக்கிறதுக்கு இல்ல.

சப்ராஸ்: விக்காம? சாமிக்குப் படைக்கவா அக்கா?

சர்மிளா: படைக்கத்தான்.

செல்லசாமி: நானா, ஒண்ணு கேக்குறேன். எங்க பூட்டன் கடல் தாண்டி வந்தது தேயிலைக்கு இல்ல, கோப்பிக்கு. கோப்பி அழிஞ்சிச்சு, தேயில வந்துச்சு. தொர மாறுனான், கொடி மாறுச்சு. நாங்க நிக்கிற மண்ணு மட்டும் எங்க பேருக்கு மாறல. அந்த மண்ணோட பேர எந்த உரிமையில பைக்கட்டுல எழுதச் சொல்றீங்க?

சர்மிளா: போதும். மேதின மேடைன்னு நெனப்பு.

சப்ராஸ்: கை தட்டவா அண்ணே? சரி, ஒங்களோட பேசி முடியாது. கொரோனாவுக்கு முந்தி நான் வந்தப்ப கோப்பி ஊத்தித் தந்தாளே, ஒங்க மக... சீனிய அள்ளிப் போட்டுட்டு, "கசக்குதா மாமா?"ன்னு கேட்ட வாயாடி. இப்ப வளந்திருப்பா. அவ காட்டுவா மரத்த. எங்க அவ?

செல்லசாமி: ...மேல இருக்கா.

சப்ராஸ்: மலையிலயா? கூப்பிடுங்களேன்.

சர்மிளா: கூப்பிட்டுப் பாத்தாச்சு நானா.

செல்லசாமி: சர்மிளா...

சப்ராஸ்: என்ன ரெண்டு பேரும்... ஓ! தோட்டத்துக் காணியில கள்ளமா நட்டிருக்கீங்க. அதானே?

செல்லசாமி: ஆமா. ஆறு மரம். தோட்டத்தச் சுத்திப் பாக்குற கண்டாக்கையா காட்டுக் கோப்பின்னு நெனச்சு விட்டு வச்சிருக்காரு. நீங்க படத்தப் போட்டா மறுநாளே புடுங்கிட்டுத் தேயில வச்சிருவாங்க.

சப்ராஸ்: இவ்வளவுதானா! ஆறு மரம் போனாப் போகுது. நாத்து நான் தாறேன், வேற எடத்துல நடுங்க.

சர்மிளா: வேற எடத்துல நட்டு என்ன செய்ய?

சப்ராஸ்: பிடிவாதம் புடிக்காதீங்க அக்கா. சரி, படமும் வேணாம், எடமும் வேணாம். கொழும்புக்காரருட்ட நான் பேசிக்கிறேன். பைக்கட்டுல போட ஒரு பேரு மட்டும் சொல்லுங்க.

செல்லசாமி: வேணாம் புள்ள... சொல்லாத.

சர்மிளா: சுலக்ஷனான்னு போடுங்க நானா. காய்ச்சலோட தூக்கிக்கிட்டு ஓடுனோம், ரோட்டுக்குப் போய்ச் சேரல. பொதச்ச எடத்துல கல்லு வச்சா பேத்துடுவாங்கன்னு அவளச் சுத்திக் கோப்பிய நட்டோம். புள்ள பேர ஊரெல்லாம் படிக்கட்டும்... அவ படுத்திருக்கிற எடத்த மட்டும் யாருட்டயும் சொல்லிறாதீங்க.