கரடி வராத ஏரிக்கரை

— கரடியா? இன்னா சார் கேக்குறே, நம்ப ஏரிக்கரைலயா?

— லிஸ்ட்ல இருக்கு ஆனந்தன் அண்ணா. அமெரிக்காவுல நம்மள மாதிரி படுக்கை, சமையல் எல்லாம் உள்ளயே இருக்கற வீட்டு வண்டி வச்சிருக்கறவங்க, இடம் புடிக்கறதுக்கு முன்னாடி இருபத்தோரு கேள்வி கேக்கறாங்க. பேசிக்கலி, இது நாலாவது. காட்டு விலங்கு தொந்தரவு உண்டா?

— எரும உண்டு சார். பார்வதம் ஊட்டு எரும. பதினோரு மணிக்கு இப்டிக்கா தண்ணிக்குப் போவும், நாலு மணிக்கு அப்டிக்கா திரும்பும். வண்டி நடுவுல நின்னா லேசா ஒரசும். அது ஒரு மேட்டரே இல்ல.

— ஏனுங்க, கரடிய அடிச்சுட்டு எருமைன்னு எழுதிக்கோங்க.

— தேவி, கிண்டல் பண்ணாத. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள இடம் அமையலேன்னா வண்டிய வித்துடறேன்னு அபார்ட்மென்ட் குரூப்ல எழுதியே குடுத்துட்டேன். இப்பவே மணி நாலரை.

— நானுங்களா கிண்டல் பண்றேன்? காலைல பூந்தமல்லில கல்யாண மண்டபத்துக்குப் பின்னால பாத்தோம். அண்டா கழுவுற எடமுங்க அது. அப்பறம் ஆவடில லாரி ஷெட்டு. அங்கயும் போயி கரடி வருமான்னு கேட்டீங்க. அந்த டிரைவருங்க இன்னமும் சிரிச்சுட்டுத்தான் இருப்பாங்க. இந்த எடமாச்சும் நான் விசாரிச்சுப் புடிச்சேன். லிஃப்டுல பாக்கற வரலட்சுமி அக்கா சொன்னாங்க.

— யாரு வரலட்சுமி?

— ஒரே கட்டடத்துல ரெண்டு வருசமா குடியிருக்கறோமுங்க. உங்களுக்கு யாரத்தான் தெரியும்? அடுத்த கேள்வி கேளுங்க.

— அஞ்சாவது. கரன்ட், தண்ணி, கழிவுக் குழாய் மூணும் வண்டிகிட்டயே வரணும்.

— கரன்ட்டு தோ அந்த ரூம்புலருந்து ஒயர் இஸ்துக்கலாம். தண்ணி போர்ல வருது, குடிச்சிப் பாரு, எளநி மாதிரி கீது. கழிவுக்கு பன்னெண்டு தென்னமரம் கீது சார். அதுங்க ஒண்ணும் சொல்லாது.

— தென்னமரமா... சரி, அமைதி? ராத்திரி பத்துலேருந்து காலைல ஆறு வரைக்கும் சத்தமே கூடாது.

— தவள மட்டும் தான் சார். ஆடி மாசம்னா கோயில்ல கூழு ஊத்துவாங்கோ, கொழா ரேடியோ கட்டுவாங்கோ.

— எங்க கட்டுவாங்க?

— தோ அந்த மரத்துல.

— எந்த மரம்?

— உன் வண்டி நிக்குதே, அந்த மரம்.

— ஐயோ!

— ஏனுங்க, பதறாதீங்க. நாம தையிலிருந்து ஆனி வரைக்கும்தானே கேக்கறோம். ஆடில வண்டிய எடுத்துருவோம்.

— ஆமா, ஆமா. அதான் சீசன் இடம்ங்கறது. ஆறு மாசம் வண்டி இங்கயே நிக்கும், சனி ஞாயிறு நாங்க வந்து தங்குவோம். அண்ணா, நெருப்பு மூட்ட தனி இடம் உண்டா?

— மூணு கல்லு கீது, சோறே பொங்கலாம். ஆனா அந்த ஓரத்துக் கல்லுல மட்டும் கை வெச்சிடாதே சார். பொன்னியம்மா கெய்வி அதுக்கு மஞ்ச பூசிட்டாங்கோ. போன வாரம் வரிக்கும் அது சும்மா கல்லு.

— இப்ப?

— இப்ப சாமி. உன் வண்டியும் ஆறு மாசம் அசையாம நின்னா கெய்வி பூசிடுவாங்கோ, பாத்துக்கோ.

— அப்படின்னா எப்பவோ பூசியிருக்கோணுமுங்க. வாங்கி நாலு மாசமாச்சு. அம்பத்தூர் எஸ்டேட்ல பாடி கட்டினாங்க, அங்கிருந்து நூம்பலுக்கு ஓட்டிட்டு வந்தாரு. பதினொரு கிலோமீட்டர். அதோட சரி. ரெண்டரைக் கார் நிக்கற எடத்தை அடைச்சுட்டு நேத்து வரைக்கும் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டுலயே நின்னுச்சுங்க.

— சரியான இடம் அமைய வேணாமா தேவி?

— கேளுங்கண்ணா. பொழுதோட ஆபீஸ் முடிஞ்சதும் கீழ போயிருவாரு. ட்யூப்லைட் வெளிச்சத்துல, வண்டி முன்னால மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து, செல்லுல ஏரிக்கரை வீடியோ பாப்பாரு. நான் மூணு சப்பாத்தியத் தட்டுல வச்சு லிஃப்டுல எறங்குவேன். வாட்ச்மேன் சிவராமன் என்னையப் பாத்து, "என்னம்மா, சார் இன்னிக்கும் டூரா?"ன்னு கேக்கறாரு.

— அய்ய, பாவம் மேடம்.

— ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தேன்! மழை வந்தா ஏரித் தண்ணி இங்க ஏறுமா அண்ணா?

— இது மேடு சார். என் மாமனார் ஊட்டு நெலம். தண்ணி ஏர்றதெல்லாம் நூம்பல்ல உங்க பில்டிங்குல தான். அது பள்ளம். எங்க நைனா நெல்லு போட்டுகினு இருந்த எடமாச்சே.

— எங்க அபார்ட்மென்ட் உங்க நிலமா?

— பின்னே? பில்டருக்கு நெலத்தக் குடுத்தோம், அவன் பதிலுக்கு எங்களுக்கு...

— ஏனுங்க, மணி நாலே முக்கால். பாயின்ட்டுக்கு வாங்க.

— சரி, முக்கியமான ஒண்ணு. அக்கம்பக்கத்துல ஆளுங்க எப்படி? ஏன் கேக்கறேன்னா, நான் அனுபவிச்சிட்டேன் அண்ணா. நாங்க பி 204. எங்க தலைக்கு நேர் மேல பி 304னு ஒருத்தன். குரூப்ல யாருக்கும் பேரு கிடையாது, வீட்டு நம்பர் மட்டும்தான். ஆளை இன்னைக்கு வரைக்கும் பார்த்ததில்ல, ஆனா ரெண்டு வருஷமா சண்டை. காலைல ஆறு மணிக்கு ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் அனுப்புவான். ஆறு அஞ்சுக்கு "வண்டியை எடுக்கவும்"னு போடுவான்.

— ரோஜாப்பூ நல்லாத் தானே சார் இருக்கும்?

— மண்ணாங்கட்டி. தினம் அதே பூ. ராத்திரியானா மேல தொம் தொம்னு ஒரல் இடிக்கறான்.

— ஒரலா இருக்காது சார். டாக்டரு ஓடச் சொல்லிருப்பாரு. மிஷின் வாங்கிருப்பான், பாவம்.

— பாவமா? நோட்டீஸ் ஒட்டினதே அவன்தான்! "பி 204 வாகனத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்புறப்படுத்தவும்." என்னவோ குப்பை மாதிரி. அந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சான்...

— இன்னா சார் செய்வே?

— ஏனுங்க, போதும் வுடுங்க. எடம் புடிச்சிருக்குதா இல்லையா, அதச் சொல்லுங்க.

— காத்து நல்லா இருக்கு. அந்தத் தண்ணி மினுக்கறது நல்லா இருக்கு. எருமையைக் கூட பொறுத்துக்கலாம். இன்னும் பன்னெண்டு கேள்வி பாக்கி, ஆனா... சரி அண்ணா. முடிச்சிக்கலாம்.

— நெசமாவுங்களா?

— நிஜமாத்தான். லொகேஷன் அனுப்பணும், ஒரு மிஸ்டு கால் குடுங்க அண்ணா.

— நம்பரு மேடம்கிட்ட கீதே சார்.

— என் போனுக்கு வேணும். அடிங்க.

— வேணாம் சார். சொன்னா கேளு.

— அட, என் நம்பர் சொல்றேன், போடுங்க...

— உன் நம்பரு எனக்குத் தெரியும் சார். சரி, அடிக்கிறேன். அப்பால என்னிய ஒண்ணும் சொல்லக்கூடாது.

— ரிங் வருது. இருங்க... இது என்ன? "பி 304 சனியன்"னு வருது?

— பேரு போட்டு சேவ் பண்ணிருக்கலாம் சார்.

— நீங்களா? அந்த ரோஜாப்பூ நீங்களா? நோட்டீஸ் ஒட்டி வண்டிய வெளியேத்தி, நைசா உங்க இடத்துக்கே இழுத்திருக்கீங்க! எவ்வளவு பெரிய பிளான்!

— தோ பாரு சரவணக்குமார் சார், இதுக்கு மேல தாங்காது. சனியன்ற, மண்ணாங்கட்டின்ற, எல்லாத்தையும் வாங்கிகினு குந்திகினு கீறேன். செக்ரட்ரி நான் தான், ஒட்டினதும் நான் தான். ஆனா சும்மா ஒட்ட முடியாது. யாராச்சும் கையெழுத்துப் போட்டு கம்ப்ளெயின்ட் குடுத்தா தான் ஒட்டலாம். நான் வேணாம்னு தான் சொன்னேன். என் ஊட்டுக்காரி வரலட்சுமி தான் "ஒட்டுய்யா, அந்தப் பொண்ணு பாவம்"னா.

— எந்தப் பொண்ணு? கம்ப்ளெயின்ட் குடுத்தது யாரு?

— மேடம், மன்னிச்சுக்கோ. பி 204 சார்.

— பி 204 நாங்கதானே... தேவி?

— ஏனுங்க, கல்யாணமாகி ஒம்பது வருசத்துல என்னைய நீங்க ஒரு எடத்துக்குக் கூட்டிட்டு வந்தது இன்னைக்குத்தானுங்க.