நாலு மணி லாரி

— ஒன்பது கூண்டும் காலியா கெடக்கு. அக்கா, நீதான?

— நான்தான். காவக்காரன் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கூண்டையெல்லாம் திறந்து, பின்பக்கத்து வேலியை வெட்டிட்டேன்.

— வெட்டிட்டியா? ஏதோ பொட்டலம் பிரிச்ச மாதிரி சொல்ற!

— கத்தாத. பக்கத்து அறையில ஆள் இருக்கு.

— நாலு மணிக்கு நாய்ங்களை ஏத்த லாரி வருதுக்கா. அதிகாரி இறங்கினதும் நாய் எங்கன்னு கேப்பான். நான் என்ன சொல்ல?

— வெறி புடிச்சுது, ஊசி போட்டுப் புதைச்சாச்சுன்னு எழுதி வச்சுட்டேன். மிருக டாக்டர் நானே கையெழுத்துப் போட்டப்புறம் எவன் பேசுவான்?

— தோண்டிப் பார்ப்பான் அவன்!

— பார்க்கட்டும். இங்க பாரு, ஒரு இடத்துல உக்காரு. நீ குறுக்கயும் நெடுக்கயும் நடக்கறதுல எனக்கே தலை சுத்துது.

— உக்கார முடியல.

— போன வருஷம் வௌவால் கால்ல நெருப்பு டப்பா கட்டி விட்டாங்க. எதிரி ஊருக்கா போச்சு? நேரா வந்து நம்ம கிடங்கையே கொளுத்துச்சு. அதுக்கு முன்னாடி எலி. இப்ப நாய். எட்டு வருஷமா நடக்குது இந்தச் சண்டை, ஒருத்தனுக்காவது வெக்கம் வந்துச்சா?

— எனக்கு வந்துச்சு.

— வந்துமா ஓடற டாங்கிக்கு அடியில சோத்துத் தட்டை வச்சுப் பழக்கின?

— உத்தரவு.

— சோறு இருக்குன்னு நம்பித்தாண்டா அது உள்ள பூரும். முதுகுல கட்டியிருக்கறது வெடிக்கும்னு அதுக்கு யார் சொல்லுவா? நேத்து அந்தக் குட்டைக்கால் நாய்க்கு வெடி கட்டற பட்டை அளவெடுத்தேன். அளவெடுக்கற கையையே நக்குது.

— எனக்கு மட்டும் நெஞ்சு கல்லா? ஒன்பதும் என் கையால தின்னதுங்க.

— அப்புறம் என்ன? இந்நேரம் எங்கயோ நிம்மதியா மோந்துகிட்டுத் திரியும். வேலை போனா போகுதுடா. இதுக்கா இப்படி வெலவெலத்துப் போற?

— வேலையா? வேலைக்கா நான் நடுங்கறேன்?

— பின்ன?

— காலைல பலகையில ஒரு உத்தரவு ஒட்டினாங்க. நீ அந்தப் பக்கமே வரல.

— என்னன்னு?

— நாய் தப்பிச்சாலும் சரி, செத்தாலும் சரி, அதைப் பழக்கினவனே வெடியைக் கட்டிக்கிட்டு டாங்கிக்கு அடியில ஊர்ந்து போகணுமாம். ஒன்பதையும் பழக்கினது நான் ஒருத்தன்தான்.

— அடப்பாவி. இதை ஏன்டா வந்ததும் வாயத் திறந்து சொல்லல?

— சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்.

— எவ்வளவு தூரம் போயிருக்கும்?

— தூரமெல்லாம் போயிருக்காது. நான் ஒரு குரல் குடுத்தா அத்தனையும் திரும்பி ஓடி வந்துடும். அதுதான்கா பயமா இருக்கு.

— கூப்பிடு.

— அக்கா, நீயா சொல்ற?

— நான்தான் சொல்றேன். கூப்பிடு, தம்பி. ஒன்பதையும் கூப்பிடு.