அடைகோழி உட்காராத நாள்

எங்க வீட்டுக் கதவை நான் ஒருநாளும் அடிச்சுச் சாத்தினதில்லை சார். கோபம் வந்தாலும் கைப்பிடியைத் திருப்பி மெதுவாத்தான் மூடுவேன். என் மனைவியைக் கேட்டுப் பாருங்க.

காந்த ரயிலை மிதக்க வைக்கிறது என் வேலை. வண்டியோட காந்தம் தண்டவாளத்துக்கு அடியில தொங்கி மேல இழுக்கும். நடுவுல ஒரு சுண்டுவிரல் கனத்துக்கு இடைவெளிதான். நெருங்கினா மின்சாரத்தைக் குறைக்கணும், விலகினா கூட்டணும். ஒவ்வொரு காந்தத்துலயும் அந்த இடைவெளியை அளக்க மூணு சென்சார் உண்டு. ஒண்ணு மாத்திச் சொன்னாலும் வண்டி மிதக்கிறதை விட்டுட்டு, அடியில இருக்கிற சறுக்குக்கட்டை மேல உட்கார்ந்து நின்னுடணும்னு ஒரு விதி. அதை வச்சவன் என் மச்சான். மனைவியோட தம்பி, சென்சார் பிரிவுக்குத் தலைவன். மாமியார் வீட்டுலயும் அவன் வச்சதுதான் சட்டம்.

ஒத்திகையில வண்டி கண்ட இடத்துல உட்கார்ந்தது. கேன்டீன்ல அதுக்கு அடைகோழின்னு பேர் வச்சாங்க. "என்ன சார், இன்னிக்கு எத்தனை முட்டை?"ன்னு கேட்பாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். உள்ளுக்குள்ள மானம் போச்சு, அது வேற விஷயம்.

வெள்ளோட்டத்துக்கு அழைச்ச விருந்தினர்கள் ஏறப்போற அன்னிக்குக் காலையில விதியை மாத்தினேன். மூணுல ரெண்டு ஒத்துப்போனா போதும், மூணாவதைக் கண்டுக்க வேண்டாம்னு. மச்சான்கிட்ட சொல்லலை. சொன்னா குதிப்பான்.

நான் கட்டுப்பாட்டு அறையில இருந்தேன். வண்டி முழு வேகத்துல இருந்தப்போ, விருந்தினர்களோட முன்பெட்டியில ஏறியிருந்த மச்சான் போன்ல கூப்பிட்டான். "மாமா, முன்பெட்டியில ரெண்டு சென்சார் சூடாகி, இடைவெளி கூடிடுச்சுன்னு பொய் சொல்லுது. மூணாவதுதான் சரி. நிஜத்துல இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருது, உட்கார வச்சிடுங்க."

திரையில எனக்கும் தெரிஞ்சது. அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. உட்கார வைக்கிற பொத்தான் என் விரலுக்குக் கீழேயே இருந்தது.

"பதறாதடா, நான் பார்த்துக்கிறேன்"னேன்.

"மாமா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்"னான். அப்படி அவன் என்கிட்ட பேசினதே கிடையாது.

காந்தம் தண்டவாளத்தைக் கவ்விச்சு. முன்பெட்டி பிய்ஞ்சு போச்சு. அதுல இருந்த விருந்தினர்கள் யாரும் மிஞ்சலை, அவனும்தான்.

பயத்துல கை ஓடலைன்னு சொன்னா தண்டனை குறையும்னு வக்கீல் சொல்றார். அது பொய் சார். கை நல்லாத்தான் இருந்தது, நான்தான் அழுத்தலை. அவங்க சாகணும்னு நான் நினைக்கவே இல்லை. நான் அப்படிப்பட்ட ஆள் கிடையாது. வேற யாராவது கூப்பிட்டுச் சொல்லியிருந்தா, உடனே அழுத்தியிருப்பேன்.