இன்னொரு மடக்குத் தண்ணி

மைக்கு கொரகொரன்னதுமே தெரிஞ்சிபோச்சுங்க தம்பி, ஆமைக்காரங்க வந்துட்டாங்கன்னு. ஆளு கண்ணுல படறதுக்கு முன்னாடி அந்தச் சத்தந்தான் வரும். போன பங்குனிக்கும் அப்படித்தான். பேட்டரியும் மைக்குக் குழாயுமா இந்த மணல்ல சைக்கிளத் தள்ளிக்கிட்டா வந்தீங்க, கோவில்பத்துலேர்ந்து? மொகமெல்லாம் கருத்துக் கெடக்கு. இந்தாங்க, குடிங்க. ஊருக்குழாயில புடிச்சதில்ல, நானே தோண்டுன ஊத்துத் தண்ணி.

காசியம்மாங்க எம்பேரு. ஒங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

சாயங்காலம் கூட்டமா? நாட்டாரு வரச்சொன்னாரா? அப்ப ஊரே வரும். இங்க அவரு வாயிலேர்ந்து வந்தாத்தான் எதுவும். பாத்துங்க, கருவாட்ட மிதிச்சிடாதீங்க. இப்படி ஒக்காருங்க.

ஆமையக் காப்பாத்தறதப் பத்தி எங்களுக்கு என்னத்தச் சொல்லப்போறீங்க? வலையில விழுந்தா அது சாமிங்க. குங்குமம் வச்சி, வலைய அறுத்தாவது விட்ருவோம். எங்க வூட்டுக்காரரு மருதையன் அப்படித்தான் விட்டுட்டு வருவாரு. கிழிஞ்ச வலையப் பொத்துறது நானு. என்னயவிட ஒசத்தியா அந்த ஆமைன்னு திட்டுவேன். சிரிப்பாரு.

அறுக்கறவனும் இருந்தான், இளையபெருமாளுன்னு. நாட்டாருக்கு மச்சான். மூலத்துக்கு ஆமை ரத்தம் நல்லதுன்னு டவுன்லேர்ந்து பெரிய மனுசங்க டம்ளரோட வருவாங்க. மல்லாக்கப் போட்டு அறுப்பான். லேசுல உசுரு போவாதுங்க அதுக்கு. கண்ணுலேர்ந்து தண்ணி வடியும். அதப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே குடிப்பாங்க. ஊருக்கே தெரியும். யாரும் வாயத் தொறக்கறதில்ல.

அப்பதான் ஒங்க சங்கத்து சோமசேகரன் சாரு வந்தாரு. யாரு அறுக்கறான்னு சொல்லுங்க, பேரு வெளியில வராதுன்னாரு. நல்ல மனுசருங்க. நெசமாவே நல்லவருதான். எங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரு. போலீசு வந்து இளையபெருமாள ஜீப்புல ஏத்துச்சி. சாருக்குச் சந்தோசம் தாங்கல. கூட்டம் போட்டு, எங்க வூட்டுக்காரர மேடையேத்தி, பொன்னாடை போத்தி, மருதையனப் போல நீங்களும் தைரியமா வந்து சொல்லணும்னு இதே குழாயில பேசுனாரு. நான் கைதட்டுனேன். வேற யாரும் தட்டல.

ஆமைக்காக இல்லிங்க. ஊரு விசயத்த வெளியில சொன்னதுக்கு. பஞ்சாயத்து கூடி எங்களத் தள்ளி வச்சிட்டாங்க. குழாத்தண்ணி கெடையாது, பேச்சு கெடையாது, கட்டுமரத்துல இவரோட ஏற ஆளு கெடையாது. கட்டுமரம் ரெண்டாளு வேலைங்க. இவரு ஒண்டியாப் போனாரு.

ஐப்பசியில, திரும்பி வர்றப்ப, அலையில மரம் பொரண்டுச்சி. தூரமில்ல, அந்தா காக்கா ஒக்காந்திருக்கே கம்பு, அதுக்கு நேரா. ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டாரு. சின்ன வயசுலேர்ந்து ஒண்ணா மீனு புடிச்சவனுக. எல்லாம் கரையிலதான் வலை பொத்திக்கிட்டு இருந்தானுக. ஒருத்தன் தலையத் தூக்கலிங்க. நான் இடுப்பளவு தண்ணியில நின்னு கத்துனேன். கடைசியா எம்பேரத்தான் கூப்புட்டாரு.

கருக்களாச்சேரியில ஒதுங்குனாரு. அந்த ஊருக்காரங்கதான் தூக்கி அடக்கம் பண்ணாங்க. இந்த மீனும் அவங்க குடுக்கறதுதான்.

பொன்னாடையா? இந்தா கெடக்கே. கூடை தூக்கறப்ப சும்மாடாச் சுருட்டி வச்சிக்குவேன். சரிகைதான் தலைய உறுத்தும்.

எழுந்திரிக்காதீங்க. இன்னொரு மடக்குக் குடிங்க. அவசரம் ஒண்ணுமில்ல. கூட்டமெல்லாம் இனிமே நடக்காதுங்க. தள்ளி வச்சவகிட்ட நின்னு பேசுனாலோ, அவ கையால தண்ணி வாங்கிக் குடிச்சாலோ, அவங்களோடயும் இந்த ஊரு பேசாது. கட்டுப்பாடு. நீங்க சொம்ப வாய்க்குக் கொண்டுபோறப்பயே பாத்துட்டாங்க.

திரும்பிப் பாருங்களேன். நீங்க வர்றப்ப அத்தன பேரும் ஒங்களையேதான பாத்துக்கிட்டு இருந்தாங்க? இப்ப எவனாச்சும் தலையத் தூக்கறானா? பேரு தெரிஞ்சா கூப்புட்டுத்தான் பாருங்க.

சொம்ப அங்கயே வச்சிடுங்க தம்பி. கொஞ்சம் காலத் தூக்குங்க, அடியில கெடக்கற கருவாடெல்லாம் இன்னும் ஈரமா இருக்கு. திருப்பிப் போடணும்.