எடைக்கூடத்துப் புகைபோக்கி

இல்லை ஐயா, பட்டாள அதிகாரி என்னை மிரட்டவில்லை. உங்கள் விசாரணை ஏட்டில் அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள், உங்களுக்குத் தும்மல் வருகிறது.

நான் கொத்தன். புகைபோக்கி கட்டுவதும் அடைப்பதும் என் தொழில். கூரைமேல் நிற்கும் ஒவ்வொரு புகைபோக்கிக்கும் கவர்னர் வரி போட்டதும் ஊர் கொதித்தது. அடுப்பை அணைத்து, புகைபோக்கியை அடைத்துவிட்டால் எதற்கு வரி கேட்பான் என்று ஒரு மகா யோசனை பிறந்தது. யோசனை என் தம்பியுடையது. அடைக்கும் வேலை என்னுடையது. நம் வரி எதிர்ப்பு வீரர்கள் காய்ந்த ரொட்டியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு, மூக்கு ஒழுகச் சுதந்திரம் பேசினார்கள். சளிக்குச் சரித்திரத்தில் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

நான் வரியைக் கட்டினேன். என் அடுப்பு எரிந்தது. கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் தம்பி கேட்டான்:

"ஏண்ணே, ஊர்ப் புகையெல்லாம் நீ ஒருத்தனே விடுறியே, கவர்னர் உனக்கு மாமனாரா?"

"மாப்பிள்ளை வர்றாரு, வழி விடுங்கப்பா!" என்றார் கறிக்கடைக்காரர்.

அன்றிலிருந்து ஊருக்கு நான் கவர்னர் மாப்பிள்ளை. எனக்கு வருத்தமில்லை. பின்னால் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

பிறகு பட்டாளம் வந்தது. தம்பியையும் கூட்டாளிகளையும் சந்தை எடைக்கூடத்தில் போட்டுப் பூட்டி, ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். உள்ளே ஒரு கரியடுப்பு உண்டு. அடுப்பே கூடாது என்று சபதம் செய்தவர்கள் மறுநாளே அதை மூட்டிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எதிர்ப்புறம் நின்று அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை வந்தால் உள்ளே ஆள் நன்றாக இருக்கிறான் என்று ஒரு தெம்பு. அந்தத் தெம்பு பட்டாள அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. மேலே ஏறி அடைத்துவிடு என்றார். அதற்குமுன் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடைக்குமுன்னும் திறக்குமுன்னும் மேலிருந்து பூச்சுக் கரணையால் உள்சுவரில் தட்டுவோம். கீழே இருப்பவன் பதிலுக்குத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் அடுப்பு அணைந்திருக்கிறது. இரண்டு என்றால் எரிகிறது, பொறு. சின்ன வயதில் எனக்காகக் கீழே நின்று தட்டியவன் தம்பிதான். வழக்கத்தை விடக்கூடாதே என்று தட்டினேன்.

இரண்டு தட்டு வந்தது.

செங்கல்லை வைத்தேன். சுண்ணாம்பு பூசினேன். அவன் இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டே இருந்தான். தொழிலை மறக்கவில்லை பயல். கதவையும் யாரோ இடித்தார்கள். காவலர்களுக்கு அது பழகிப்போன சத்தம். பூச்சு இறுகும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். அதற்குள் எல்லாச் சத்தமும் நின்றிருந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அடைத்துக் கொடு, அடைத்துக் கொடு என்று என் வாசலில் வந்து நின்றவர்கள்தானே ஐயா அவர்கள்? அடைத்துக் கொடுத்தேன்.

ஒன்று கேட்கலாமா? தம்பி பெண்டாட்டி வீட்டுப் புகைபோக்கி நான் அடைத்தபடியே கிடக்கிறது. வேறு யார் கை வைத்தாலும் கெடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் குளிரில் நடுங்கும். நானே வந்து திறந்துவிடுகிறேன், கூலி வேண்டாம். கீழே நின்று தட்டுவதற்கு அவள் தன் பெரியவனை அனுப்புவாளா என்று மட்டும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.