புகை வாசனைக்கு ஒரு விளக்கம்

நல்ல விஸ்கியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றக் கூடாது, ஐயா. கண்ணாடி டம்ளரில் ஊற்றி, லேசாகச் சுழற்றி, முதலில் மூக்குக்குத்தான் கொடுக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவன் வெள்ளத்துரை, என் மனைவியின் தம்பி. கப்பல் வேலையை விட்டுவிட்டு, தொண்ணூற்றிரண்டில் திருச்சுழிக்குத் திரும்பியபோது ஒரு ஸ்காட்லாந்து பாட்டிலைக் கொண்டுவந்தான். அந்த வகையில் கொஞ்சம்தான் போட்டார்களாம்; லேபிளில் கையால் எண் எழுதியிருந்தது.

அது எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் நீங்களும் ரசிப்பீர்கள். அந்த ஊர்ச் சதுப்பில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான வருடம் மட்கிக் கறுப்பு மண்ணாகக் கிடக்கும். பீட் என்று பெயர். செங்கல் போல வெட்டிக் காயவைத்து எரித்தால், நம் கரிமூட்டம் போல மெதுவாகப் புகையும். முளைகட்டிய பார்லியை அதில் உலர்த்துவார்கள். தானியத்துக்குள் இறங்கிய புகை, காய்ச்சி வடித்தாலும் போகாது, பீப்பாயில் பல வருடம் கிடந்தாலும் போகாது. தாரும் டிங்க்சரும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

எங்களுடையது பூச்சிமருந்துக் கடை, மாமனார் ஆரம்பித்தது. பருத்தி இலையைப் பார்த்தே என்ன பூச்சி என்று சொல்லிவிடுவேன். நரிக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து என்னிடம் கேட்பார்கள். வெள்ளத்துரை வந்தபிறகு அவனிடம் கேட்டார்கள். அவன் சொன்னதில் பாதி தப்பு. ஆனால் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான்.

மாமனார் என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, இனிமே கல்லாவுல அவன் உக்காரட்டும். நீங்க குடோனப் பாத்துக்கங்க."

சரி என்றேன்.

கருப்பசாமிக்குப் படைக்கும் பாட்டிலைச் சாமி முன்னால்தான் திறக்க வேண்டும். முதல் ஊற்று அவருக்கு. வெள்ளத்துரையின் பாட்டிலையும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்படியே திறந்து படைத்தோம். மீதியை என் மனைவி வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் சாயங்காலம்வரை குடோன் அலமாரியில் வைத்தோம். சீல் ஏற்கெனவே உடைந்திருந்தது. சாவி என்னிடம்.

சாயங்காலம் கடையின் பின்னறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் குடிப்பதில்லை, அது அவனுக்குத் தெரியும். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். மறுபடி முகர்ந்தான். கையை இறக்கினான்.

"அத்தான், காலையில இப்பிடி இல்லையே. நம்ம குடோன் வாடையில்ல அடிக்கிது?"

அந்த டம்ளர் மேசையைத் தொடுவதற்கு விரற்கடை தூரம்தான் இருந்தது.

"நீதானய்யா சொன்ன, தொறந்து வச்சா வாசம் மாறும்னு? காத்துப் பட்டதும் புகை மேல ஏறி வருது. கப்பல்ல குடிச்சவனுக்கு நான் சொல்லணுமா?" என்றேன்.

வெட்கப்பட்டுச் சிரித்தான். "ஆமா அத்தான், மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுக் குடித்தான். விடிவதற்குள் போய்விட்டான்.

பாட்டிலில் பருத்தி மருந்தைக் கலந்தது நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் டம்ளரைக் கீழே வைத்திருந்தால் நான் வற்புறுத்தியிருக்க மாட்டேன். சந்தேகம் கேட்டான், தெளிவுபடுத்தினேன். கேட்டவனுக்கு விளக்கம் சொல்லாமல் விடுவது என் சுபாவமில்லை.

மறுவாரமே ஆட்கள் பழையபடி என்னிடம் வந்துவிட்டார்கள். காலையிலிருந்து நீங்களும் வேறு யாரையும் கேட்கவில்லை, ஐயா, என்னைத்தான் கேட்கிறீர்கள்.