தர்ஸ்டனின் நாலாவது வில்

யூ மரத்துக்கு நேராக வளர்வதென்றால் வெட்கம். எங்கள் யார்க்‌ஷயர் வேலியோரத்தில் நிற்பவை இன்னும் மோசம். முடிச்சும் முண்டுமாகத்தான் இருக்கும். நூறு கட்டையைப் புரட்டினால் வில்லுக்கு ஒன்று தேறும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா.

நேற்று சாவை விசாரிக்க வந்த நீங்கள் இரக்கப்பட்டவர். உடைந்த வில்லைப் பார்த்துவிட்டு, "கட்டையத் தப்பா எடுத்துட்டேன்னு சொல்லுய்யா ஹேமோ. விபத்துன்னு எழுதிடறேன், நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போ," என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் என் கழுத்து தப்பும். தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

செத்த தர்ஸ்டன் ஊரிலேயே பெரிய வில்லாளி. அவனுக்கு மூன்று வில் செய்து கொடுத்தேன். மூன்றும் ஸ்பெயின் மலையிலிருந்து கப்பலில் வந்த கட்டை, நாலு வருடம் நிழலில் காய்ந்தது. முதல் வில்லை அடுப்போரம் சாய்த்து வைத்தான். இரண்டாவதை நாணை அவிழ்க்காமலே மாதக்கணக்கில் விட்டுவிட்டான். மூன்றாவதில் பன்றிக்குடலைக் காயப்போட்டிருந்தான். மூன்றும் வீணாய்ப் போயின.

"குச்சிதானே அண்ணே! இன்னொண்ணு சீவிக் குடுத்தாப் போச்சு," என்று என் முதுகில் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த மரங்களை நினைத்தால்தான் அழுகை வந்தது.

நாலாவதுக்கு எங்கள் வேலியோரத்துக் கட்டையை எடுத்தேன். அவசரமாக வளர்ந்த, வளர்ச்சி வரி அகலமான, வலுக் குறைந்த மரம். வில்லின் முதுகில், குறியைப் பார்க்கும் பக்கத்தில், வெள்ளை மரம் வரவேண்டும், இழுத்தால் அதுதான் நீளும். எய்கிறவனைப் பார்க்கும் பக்கம் சிவப்பு, அது அமுங்கும். இந்தக் கட்டையில் கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, முதுகில், சின்னதாய் ஒரு முடிச்சு. யாராக இருந்தாலும் அதைச் சுற்றி மேடு விட்டுத்தான் சீவுவார்கள், இல்லாவிட்டால் அங்கேதான் ஒடியும். நான் மேடே இல்லாமல் சமமாகச் சீவி, மேலே மெழுகு தடவினேன்.

யூவுக்குக் குளிர் ஆகாது. இந்த வில் இலையுதிர் காலம் முழுக்கத் தாங்கும். உறைபனி விழுந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்து ஆண்கள் எல்லோரும் ராஜா போட்ட சட்டப்படி குறி எய்யப் போகும்போது, முழு இழுப்பில் ஒடியும். மேல் துண்டு எங்கே அடிக்கும் என்பதும் தெரியும். ஆளை அளந்துதானே வில் செய்கிறோம்.

அப்படியே நடந்தது. நெற்றிப்பொட்டு, விரல்கடைகூடப் பிசகவில்லை. அவன் மனைவி மண்ணில் விழுந்து கதறினாள். பாவமாகத்தான் இருந்தது. அப்போது அடுத்த தெரு ஆல்ரெட், அவனும் வில் செய்கிறவன்தான், உடைந்த துண்டைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான். "பாருங்கப்பா, எம்மாம் முடிச்சு! நம்ம ஹேமோவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு," என்றான். நாலு பேர் தலையாட்டினார்கள். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. முடிச்சை நான் பார்த்தேன். பார்த்துத்தான் எடுத்தேன். தர்ஸ்டனைக் கொன்றது நான்தான். தீர்ப்பை உரக்கப் படியுங்கள். ஆல்ரெட்டுக்குக் காது கொஞ்சம் மந்தம்.